மெடிக்கெய்டு விரிவாக்கம்: முடிவு மாநிலங்களின் கையில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு வந்திருக்கும் நிதிக் குறைப்பு பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட கட்டுரையை இருமுறை படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று இந்தப் பொருளை எடுத்துப் பேசியதற்கு முதலில் நன்றி. ஆயினும் சில இடங்கள் மனத்தை உறுத்தின. மெடிக்கெய்டும் மெடிக்கேரும் ஒரே திட்டத்தின் இரு பெயர்கள் போல எழுதப்பட்டிருந்தன. பயனாளிகள் 'வேலைக்குச் செல்லாத வறியவர்கள்' என்று குறிப்பிடப்பட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவுகள் அனைத்தும் வாஷிங்டனிலேயே எடுக்கப்படுவதாகக் கட்டுரை முழுவதும் பேசியது. வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரின் தென்கோடியில் ஒரு மருந்துக்கடையில் பதினோரு ஆண்டுகளாக மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். இந்தக் காப்பீடு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்பதை நாள்தோறும் நேரில் பார்ப்பவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டது; பொறுத்தருள வேண்டும்.

மெடிக்கேர், மெடிக்கெய்டு ஆகிய இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை என்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1965 ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில், முன்னாள் தலைவர் ஹாரி ட்ரூமனை அருகில் வைத்துக்கொண்டு இரண்டுக்குமான சட்டத்தில் கையொப்பமிட்டார். மெடிக்கேர் 65 வயது நிறைந்தவர்களுக்கும் நீண்டகால உடற்குறை உள்ளவர்களுக்கும் உரியது. அதை நடுவண் அரசே நடத்துகிறது. அலாஸ்காவில் என்ன விதியோ அதே விதிதான் அலபாமாவிலும். மெடிக்கெய்டு அப்படியன்று. செலவை நடுவண் அரசும் மாநிலமும் பகிர்ந்துகொள்கின்றன. விதிகளில் பெரும்பகுதியை மாநிலம் வகுக்கிறது. சேர்வதா வேண்டாமா என்பதே மாநிலத்தின் விருப்பம். கடைசி மாநிலமான அரிசோனா 1982-இல்தான் சேர்ந்தது. அந்தக் காலத்தில் குழந்தைகள், கர்ப்பிணிகள், மிக வறிய பெற்றோர், உடற்குறை உள்ளவர்கள், வறிய முதியோர் ஆகியோருக்கே மெடிக்கெய்டு உரியதாக இருந்தது. பிள்ளைகள் இல்லாத, உடல்நலம் உள்ள ஒருவர் எவ்வளவு வறியவராக இருந்தாலும் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு இடமில்லை.

அந்த நிலையை மாற்றத்தான் ஒபாமா ஆட்சியில் 2010 மார்ச் 23 அன்று கையொப்பமான சுகாதாரச் சட்டம் முனைந்தது. வறுமைக்கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானம் உள்ள, 65 வயதுக்குட்பட்ட வயதுவந்தோர் அனைவருக்கும் எல்லா மாநிலங்களிலும் மெடிக்கெய்டு கிடைக்கும் என்று அது சொன்னது. இதைத்தான் மெடிக்கெய்டு விரிவாக்கம் என்கிறார்கள். ஏற்காத மாநிலத்துக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் மெடிக்கெய்டு நிதியும் நிறுத்தப்படலாம் என்றும் சொன்னது. 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை உறுதிசெய்தாலும், இந்த ஒரு மிரட்டலை மட்டும் ஏற்க மறுத்தது. பழைய நிதியைப் பிடித்துவைத்துக்கொண்டு புதிய கடமையைச் சுமத்துவது மாநிலங்களை வலுக்கட்டாயப்படுத்துவதாகும் என்று நீதிபதிகள் ஒன்பது பேரில் எழுவர் கருதினார்கள். அன்றோடு விரிவாக்கம் மாநிலங்களின் விருப்பம் என்றாயிற்று. 2014 ஜனவரியில் பாதி நாட்டில் அது தொடங்கியது. இன்றைக்கு 40 மாநிலங்களும் தலைநகர்ப் பகுதியும் ஏற்றுக்கொண்டுள்ளன. டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா, டென்னசி, கேன்சஸ், விஸ்கான்சின், வயோமிங் ஆகிய பத்தும் இன்னும் ஏற்கவில்லை. இவற்றில் விஸ்கான்சின் மட்டும் வறுமைக்கோடு வரை தன் சொந்த ஏற்பாட்டில் இடம் கொடுத்திருக்கிறது.

ஏற்காத மாநிலத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு கணக்கு சொல்லிவிடும். வட கரோலினாவிலும் தென் கரோலினாவிலும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். வாரத்துக்கு 40 மணி நேரம், ஆண்டின் 52 வாரமும் ஒரு நாள்கூட விடாமல் உழைத்தால் வருவது 15,080 டாலர். தனி ஆளுக்கான வறுமைக்கோடு 2025-இல் 15,650 டாலர். முழுநேரமும் உழைத்த பிறகும் அந்த மனிதர் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறார். வட கரோலினாவில் அவருக்கு மெடிக்கெய்டு உண்டு. 21,597 டாலர் வரை வருமானம் இருந்தாலும் உண்டு. தென் கரோலினாவில் அவருக்குப் பிள்ளைகள் இல்லையென்றால் மெடிக்கெய்டு இல்லை. சரி, அதே சட்டம் ஏற்படுத்திய காப்பீட்டுச் சந்தையில் தனியார் காப்பீடு வாங்கிக்கொள்ளலாமே என்றால், அதற்கான அரசு மானியம் வறுமைக்கோட்டைத் தொட்ட பிறகுதான் தொடங்குகிறது. 2010-இல் சட்டம் எழுதியவர்கள் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களை எல்லா மாநிலங்களும் மெடிக்கெய்டில் சேர்த்துக்கொள்ளும் என்று எண்ணியதால், அவர்களுக்கு மானியம் எழுதவே இல்லை. ஆகவே 20,000 டாலர் சம்பாதிப்பவருக்கு மானியம் உண்டு. 15,000 டாலர் சம்பாதிப்பவருக்கு எதுவும் இல்லை. இந்த இடைவெளியில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் நிற்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும் பங்கினர் டெக்சஸ்காரர்கள்.

எங்கள் கடையிலிருந்து தென் கரோலினா எல்லைக்குச் சில மைல்தான். சாலையில் ஒரு பெயர்ப்பலகை இல்லையென்றால் எல்லையைக் கடந்ததே தெரியாது. அதே பைன் மரங்கள், அதே கடைகள். இந்த எல்லைக்கோட்டை 1735-இல் அளக்கத் தொடங்கியவர்கள் மரங்களில் கோடாலியால் வெட்டி அடையாளம் இட்டுச் சென்றார்கள். மரங்கள் எப்போதோ மறைந்துவிட்டன. பல ஆண்டுகள் மறு அளவை செய்து 2017 ஜனவரி 1 முதல் திருத்திய கோட்டை இரு மாநிலங்களும் ஏற்றபோது, 19 வீடுகள் தாங்கள் இதுவரை இருந்ததாக நினைத்த மாநிலத்தில் இல்லை என்று தெரியவந்தது. அந்த வீட்டுக்காரர்களுக்காக வரி, பள்ளி, குடிநீர் ஆகியவற்றுக்குத் தனி ஏற்பாடுகள் செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. 2023 டிசம்பரில் கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் விரிவாக்கம் தொடங்கிய பிறகு அந்தக் கோடு எனக்கு வேடிக்கையாக இல்லை.

எல்லைக்கு அப்பாலிருந்து வருபவர் ஒருவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு உணவகத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார். கால் நரம்பில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குச் சென்று அடைத்ததால் மூச்சுத் திணறி ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டார். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பணமோ காப்பீடோ இல்லை என்பதற்காக அவசரப் பிரிவு யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. உயிரைக் காப்பாற்றினார்கள், நன்றாகவே காப்பாற்றினார்கள். ஆனால் அந்தச் சட்டம் அவரை ஆபத்திலிருந்து மீட்கும் வரைதான் துணைக்கு வரும். வீட்டுக்கு அனுப்பிய மறுநாளுக்கு வராது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம், நாளைக்கு இருவேளை விடாமல் சாப்பிடவேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். முதல் மாதத்துக்கு மருந்து நிறுவனத்தின் இலவச அட்டை இருந்தது. இரண்டாம் மாதத்துக்கு விலை 500 டாலருக்கும் மேல்.

விலையைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்துக் கவுன்டரின்மேல் வைத்து நீவிவிட்டு, பத்து மாத்திரை மட்டும் தர முடியுமா என்று கேட்டார். நாளைக்கு ஒன்றாகச் சாப்பிட்டால் பத்து நாள் வருமே என்றார். வராது ஐயா, இந்த மருந்தின் வேகம் அரை நாளில் குறைந்துவிடும், ஒருவேளை சாப்பிட்டு மறுவேளை விட்டால் அந்த இடைவெளியில் மறுபடி உறையும் என்று சொன்னேன். சில டாலருக்குக் கிடைக்கும் பழைய மருந்து ஒன்று உண்டே என்று மருத்துவம் அறிந்தவர்கள் கேட்பார்கள். உண்டு. ஆனால் அதைச் சாப்பிடுபவர் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து அளவை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும்; இல்லையென்றால் உறைவதற்குப் பதில் உள்ளேயே ரத்தம் கசியும். பரிசோதனைக்கு ஒரு மருத்துவர் வேண்டும். அவருக்கு மருத்துவர் யாரும் இல்லை. மருந்து நிறுவனமே இலவசமாகத் தரும் உதவித் திட்டத்தின் படிவத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். அதிலும் மருத்துவர் கையொப்பம் கேட்கிறார்கள். அவசரப் பிரிவு மருத்துவர் தாம் தொடர்ந்து பார்க்காத நோயாளிக்குக் கையொப்பமிடத் தயங்குகிறார். இலவச மருத்துவ முகாமில் வரிசை மூன்று வாரம் நீண்டிருந்தது. இவர் வீடு எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்திருந்தால் அந்த மாத்திரைகளுக்கு அவர் கொடுக்கவேண்டியது நான்கு டாலர்.

இந்தப் பக்கத்து அனுபவத்தையும் சொல்கிறேன். வீடு வீடாகச் சென்று முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டும் பணிப்பெண் ஒருவர் எங்களிடம் ரத்த அழுத்த மாத்திரை வாங்குவார். மாத்திரையின் விலை பத்து டாலர்தான். விலை அவருக்குத் தடையாக இல்லை. மருந்துச்சீட்டு ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆண்டு முடிந்ததும் புதுச்சீட்டுக்கு மருத்துவரைப் பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு அவரிடம் பணம் இல்லை. ஆகவே ஆண்டுதோறும் சில மாதங்கள் மாத்திரையே இல்லாமல் ஓட்டுவார். பிறரின் நோய்க்குத் துணை நிற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் தம் நோய்க்கு மருத்துவரைப் பார்க்க முடியாமல் இருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. 2023 டிசம்பர் 1 அன்று வட கரோலினாவில் விரிவாக்கம் தொடங்கியது. ஜனவரியில் அவர் அட்டையோடு வந்தார். பிப்ரவரியில் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு அதற்கும் சீட்டு வந்தது. எத்தனை ஆண்டுகளாக இருந்ததோ.

அவர் கதை தனிக் கதையன்று. 2008-இல் ஓரிகன் மாநிலம் தன் திட்டத்தில் கொஞ்சம் இடம் மட்டுமே இருந்ததால் குலுக்கல் நடத்தியது. ஏறத்தாழ 90,000 பேர் பெயர் கொடுக்க, சுமார் 30,000 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பெயர் விழுந்தவர்களையும் விழாதவர்களையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காப்பீடு பெற்றவர்களிடம் சர்க்கரை நோய் கண்டறியப்படுவது கூடியது, மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது, மருத்துவச் செலவால் குடும்பம் நிலைகுலைவது ஏறக்குறைய இல்லாமலே போனது. ஆனால் அந்த ஈராண்டுக்குள் ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் தென்படவில்லை. அவசரப் பிரிவுக்குச் செல்வது குறையும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாகக் கூடியது. விரிவாக்கத்தை எதிர்ப்பவர்கள் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். அதை மறைத்துவிட்டு நான் வாதாட விரும்பவில்லை. பின்னர் பல மாநிலங்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் அடிப்படையில், 2014 முதல் 2017 வரை 55 முதல் 64 வயது வரையுள்ள வறியவர்களில் விரிவாக்கிய மாநிலங்களில் குறைந்தது 19,200 உயிர்கள் காக்கப்பட்டதாகவும், விரிவாக்காத மாநிலங்களில் 15,600 பேர் காக்கப்பட்டிருக்கக்கூடும் என்றும் மதிப்பிடப்பட்டது. பாத்திரம் கழுவுபவரின் வயது அந்த வரம்பை ஒட்டியது.

வட கரோலினா இந்த முடிவுக்கு எளிதில் வந்துவிடவில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டு ஆயிற்று. அப்போது சட்டமன்றம் குடியரசுக் கட்சியிடம், ஆளுநராக இருந்த ராய் கூப்பர் மக்களாட்சிக் கட்சியினர். அன்றைய மேலவைத் தலைவர் ஃபில் பெர்கர் விரிவாக்கத்தை மிகக் கடுமையாக எதிர்த்துவந்தவர். அவரே 2022 மே மாதத்தில் செய்தியாளர்களை அழைத்துத் தம் கருத்து மாறிவிட்டதாக அறிவித்தார். இச்சட்டம் திரும்பப் பெறப்படப் போவதில்லை, விரிவாக்கச் செலவில் நடுவண் அரசு தன் பங்கான 90 விழுக்காட்டைத் தொடர்ந்து கொடுத்துவருகிறது, மாநிலமும் தன் மெடிக்கெய்டு நிர்வாகத்தைத் திருத்திக்கொண்டுவிட்டது என்பன அவர் வாதங்கள். மாநிலத்தின் 10 விழுக்காட்டுப் பங்கை மருத்துவமனைகள் மீதான கட்டணத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. மருத்துவமனைகளே அதற்கு இசைந்தன. காப்பீடு இல்லாத நோயாளியால் அவர்களுக்கு ஆகும் இழப்பு அதைவிடப் பெரிது. புதிதாக ஏற்கும் மாநிலத்துக்கு ஈராண்டுக்குக் கூடுதல் நிதி தருவதாக 2021-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னதால் நூறு கோடி டாலருக்கு மேல் வந்தது. 2023 மார்ச் 27 அன்று ஆளுநர் கையொப்பமிட்டார். ஈராண்டில் 6 லட்சம் பேர் சேர்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். ஓராண்டிலேயே அந்த எண்ணிக்கை வந்துவிட்டது. தன் கருத்தை மாற்றிக்கொண்ட அரசியல்வாதியை நாம் பொதுவாகக் கேலி செய்கிறோம். பெர்கரோடு எனக்குப் பல பொருள்களில் உடன்பாடு இல்லை. இந்த ஒன்றுக்காக அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

சட்டமன்றம் அசையாத இடங்களில் வாக்காளர்களே வாக்களித்து முடித்திருக்கிறார்கள். 2017-இல் மெய்ன் மாநிலம் வழிகாட்டியது. ஆளுநர் செயல்படுத்த மறுத்து, அடுத்த ஆளுநர் வந்த பிறகே நடந்தது. அடுத்த ஆண்டு ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா. 2020 ஜூனில் ஓக்லஹோமா வெறும் 6,500 வாக்கு அளவிலான வேறுபாட்டில் ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் மிசௌரி ஏற்றது. சட்டமன்றம் நிதி ஒதுக்க மறுத்தபோது, மறுஆண்டு அம்மாநில உச்ச நீதிமன்றம் மக்கள் தீர்ப்பைச் செயல்படுத்தச் சொன்னது. தெற்கு டகோட்டாவில் இன்னும் சுவையான வரலாறு. இத்தகைய வாக்கெடுப்பில் வெல்ல 60 விழுக்காடு வேண்டும் என்று விதியையே மாற்ற 2022 ஜூனில் ஒரு முயற்சி நடந்தது; வாக்காளர்கள் அதைத் தோற்கடித்தார்கள்; நவம்பரில் 56 விழுக்காடு வாக்குகளோடு விரிவாக்கத்தை ஏற்றார்கள். மெய்ன் தவிர மற்றவையெல்லாம் குடியரசுக் கட்சிக்கே பெரும்பாலும் வாக்களிக்கும் மாநிலங்கள். தென் கரோலினாவில் குடிமக்களே மனு கொடுத்து இப்படி வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் வழி சட்டத்தில் இல்லை. டெக்சஸிலும் இல்லை, ஜார்ஜியாவிலும் இல்லை. அங்கே சட்டமன்ற உறுப்பினரின் கதவைத்தான் தட்டவேண்டும். இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்று நாம் பெருமையோடு பேசும் நிக்கி ஹேலி தென் கரோலினாவின் ஆளுநராக இருந்தபோது விரிவாக்கத்தை மறுத்தார். அவருக்குப் பின் வந்த ஆளுநரும் மறுத்தார். அந்தப் பெருமையை நாம் பேசும்போது இதையும் சேர்த்தே பேசவேண்டும்.

மறுப்பவர்களின் வாதங்களில் எனக்கு மதிப்புக்குரியதாகத் தோன்றுவது ஒன்று உண்டு. இன்று 90 விழுக்காடு தரும் நடுவண் அரசு நாளை குறைத்தால் மாநிலம் என்ன செய்யும் என்பதே அது. நியாயமான அச்சம்தான். வட கரோலினா உட்படச் சில மாநிலங்கள், பங்கு 90-க்குக் கீழே இறங்கினால் விரிவாக்கம் தானாக நின்றுவிடும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கின்றன. எனக்கு அந்தப் பிரிவு பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் காப்பு இருக்கும்போது, அச்சத்தைக் காட்டித் தொடங்காமலே இருப்பதற்குக் காரணம் இல்லை. மேலும், தென் கரோலினாக்காரர்களும் டெக்சஸ்காரர்களும் நடுவண் வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மற்ற 40 மாநிலங்களின் விரிவாக்கத்துக்குத் தங்கள் பங்கைச் செலுத்திவிட்டுத் தங்கள் ஊர் மருத்துவமனை மூடப்படுவதைப் பார்க்கிறார்கள். 2010-க்குப் பிறகு நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்டுவிட்டன. டெக்சஸும் டென்னசியும் அப்பட்டியலில் முன்னே நிற்கின்றன.

இனி, 'வேலைக்குச் செல்லாத வறியவர்கள்' என்ற சொற்களுக்கு வருகிறேன். இது தங்கள் கட்டுரையாளரின் பிழை மட்டுமன்று. இங்கே நம் தமிழ்ச் சங்க விழாக்களில், நன்கு படித்த, நல்ல மனம் கொண்ட நண்பர்கள் வாயிலிருந்தும் 'நாம் கட்டும் வரியில் சும்மா இருப்பவர்கள் சாப்பிடுகிறார்கள்' என்ற பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். மெடிக்கெய்டில் உள்ள வயதுவந்தோரில் உடற்குறை உதவித்தொகை பெறாதவர்களை எடுத்துக்கொண்டால் மூன்றில் இரு பங்கினருக்கு நெருக்கமானோர் வேலை பார்க்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள், நோயாளிகளையும் குழந்தைகளையும் கவனித்துக்கொள்பவர்கள், மாணவர்கள். நம் வீட்டைத் துடைப்பவரும், நாம் சாப்பிட்ட தட்டைக் கழுவுபவரும், நம் பெற்றோரின் படுக்கையருகே இரவில் அமர்ந்திருப்பவரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். இவர்களுக்கு வேலை இருக்கிறது. வேலை தரும் காப்பீடுதான் இல்லை.

இந்தப் பேச்சு இப்போது சட்டமாகியும் விட்டது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். 2025 ஜூலை 4 அன்று கையொப்பமான சட்டத்தின்படி, விரிவாக்கத்தில் சேர்ந்தவர்களில் விலக்குப் பெறாதவர்கள் மாதத்துக்கு 80 மணி நேரம் வேலையோ படிப்போ சமூகப் பணியோ செய்வதை மெய்ப்பிக்க வேண்டும். 2027 ஜனவரி 1-க்குள் மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். தகுதியை ஆண்டுக்கொரு முறைக்குப் பதில் ஆறு மாதத்துக்கொரு முறை சரிபார்க்க வேண்டும். விரிவாக்காத மாநிலங்களை ஈர்க்க வைத்திருந்த கூடுதல் நிதியையும் அச்சட்டம் நிறுத்திவிட்டது. அச்சட்டம் முழுவதாலும் 2034-க்குள் காப்பீடற்றோர் எண்ணிக்கை ஒரு கோடி அளவுக்குக் கூடும் என்று நாடாளுமன்றத்தின் நிதிநிலை அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது.

வேலை பார்ப்பவருக்கு இதில் என்ன கவலை என்று கேட்கலாம். ஆர்கன்சா மாநிலம் 2018 ஜூனில் இதே விதியைக் கொண்டுவந்தது. கணக்கை இணையத்தில் மட்டுமே கொடுக்கவேண்டும் என்றார்கள். அந்த இணையதளமோ இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை மூடியிருந்தது. பகலில் வேலை, இரவில்தான் ஓய்வு என்று இருப்பவர் எப்போது பதிவு செய்வார்? சில மாதங்களில் 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். பின்னர் ஆராய்ந்தபோது, விதிக்கு உட்பட்டவர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நிபந்தனையை நிறைவேற்றியவர்களாகவோ விலக்குப் பெறத் தகுதியுள்ளவர்களாகவோ இருந்தார்கள். வேலைவாய்ப்பும் கூடவில்லை. 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது. பெருந்தொற்றுக் காலத்தில் யாரையும் நீக்கக்கூடாது என்றிருந்த பாதுகாப்பு 2023-இல் முடிந்த பிறகு நாடு முழுவதும் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் மெடிக்கெய்டிலிருந்து நீக்கப்பட்டபோதும், பத்தில் ஏழு பேர் நீக்கப்பட்டது தகுதியின்மையால் அன்று. கடிதம் பழைய முகவரிக்குப் போனது, படிவம் குறித்த நாளில் வந்து சேரவில்லை போன்ற காரணங்களால்தான். அந்த மாதங்களில் எங்கள் கவுன்டரில் 'உங்கள் காப்பீடு செயலில் இல்லை' என்ற வரியைக் கணினியில் பார்த்து நோயாளியிடம் சொல்வது என் வேலையாயிற்று. பலருக்கு அதை முதன்முதலில் சொன்னவளே நான்தான்.

இந்தப் புதிய சட்டத்திலும் மாநிலங்களுக்கு இடம் விடப்பட்டிருக்கிறது. புதிதாக விண்ணப்பிப்பவரிடம் முந்தைய ஒரு மாத வேலைக்கணக்கைக் கேட்பதா, மூன்று மாதக் கணக்கைக் கேட்பதா என்பதை மாநிலம் முடிவு செய்யலாம். கூலிப் பட்டியலும் வரிப் பதிவும் அரசிடம் ஏற்கெனவே இருக்கும்போது அவற்றைக் கணினியிலேயே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வதா, ஒவ்வொருவரையும் படிவத்தோடு அலையவிடுவதா என்பதிலும் பெரும்பங்கு மாநிலத்தின் திறமையையும் மனத்தையும் பொறுத்தது. வேலைக்கணக்குக் காட்டாததால் நீக்கப்பட்டவருக்குச் சந்தையில் தனியார் காப்பீட்டுக்கான மானியமும் கிடையாது என்று சட்டம் சொல்வதால், இந்தச் சிறு விவரங்கள்தாம் ஒருவருக்கு மருந்து இருப்பதையும் இல்லாததையும் முடிவு செய்யப்போகின்றன. இவை தலைப்புச் செய்தியாக வருவதில்லை. மாநிலத் தலைநகரில், ராலீயிலோ பீனிக்ஸிலோ, பத்துப் பேர் அமர்ந்திருக்கும் ஒரு கூட்டத்தில் முடிவாகிவிடுகின்றன. பொதுமக்கள் கருத்துக் கூற அவகாசமும் அநேகமாகத் தரப்படுகிறது; யாரும் கூறுவதில்லை.

நமக்கு இதில் என்ன என்று கேட்கும் தமிழர்களுக்கு இரண்டு வார்த்தை. டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், அட்லாண்டா, டாம்பா என்று நம்மவர்கள் செறிந்து வாழும் நகரங்கள் பலவும் விரிவாக்காத மாநிலங்களில்தான் இருக்கின்றன. வேலை அனுமதியில் வந்தவர்களுக்கு மெடிக்கெய்டு பொதுவாக இல்லை. பச்சை அட்டையில் வந்த பெற்றோருக்கும் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டுக் காத்திருப்பு உண்டு. ஆகவே இது நம் பிரச்சினை அன்று என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் குடியுரிமை பெற்றவர்களும் இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் இன்று ஆயிரக்கணக்கில் வாக்காளர்கள். பெற்றோரின் காப்பீட்டில் 26 வயது வரைதான் இருக்கலாம். அதன்பின் நிலையான வேலை அமையும் வரை தடுமாறும் இளைஞர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை என்பதே வேறுபாடு. குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு விடிய விடியக் கண்விழித்திருக்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் யாரென்று தெரியும்? எனக்கே 2022 வரை தெரியாது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்த ஆண்டு நான் அவருக்கு எழுதிய கடிதத்துக்கு ஒரு வாரத்தில் பதில் வந்தது. அவர் அலுவலகத்துக்கு இந்தப் பொருள் குறித்து மருந்துக்கடையிலிருந்து வந்த முதல் கடிதம் அதுதான் என்று அவர் உதவியாளர் சொன்னார்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அமெரிக்கச் சுகாதாரச் செய்திகளை வெளியிடும்போது எந்த மாநிலம் என்பதைத் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள். டெக்சஸ், ஜார்ஜியா, ஃபுளோரிடா, தென் கரோலினா ஆகிய மாநிலங்களின் சட்டமன்றங்கள் கூடும் மாதங்களில் இதுபற்றி அங்கே என்ன மசோதா இருக்கிறது, யார் தடுக்கிறார்கள் என்பதை ஒரு பத்தி அளவுக்காவது கொடுங்கள். தங்கள் நாளிதழை இணையத்தில் படிக்கும் பல்லாயிரம் பேர் அந்த மாநிலங்களில் இருக்கிறார்கள். 2027-க்கு முன் தங்கள் முகவரியையும் கைபேசி எண்ணையும் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், சம்பளச் சீட்டுகளை எடுத்துவையுங்கள் என்று, மெடிக்கெய்டில் உள்ள நம்மவர்களுக்கும் அவர்களோடு வேலை செய்பவர்களுக்கும் தமிழில் யாராவது சொன்னால் அதுவே பெரிய உதவி.

எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர் அன்று பத்து மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். மீதி ஐம்பதுக்கான சீட்டு அவர் பெயரில் எங்கள் கணினியில் அப்படியே இருக்கிறது. அவர் கொடுத்த எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. வரும் திங்களன்று மறுபடி அழைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஒரு மருந்தாளுநர்,
சார்லட், வட கரோலினா